பீரோவுக்கு அந்தப் பக்கம்

உட்காருங்கள் டீச்சர். ஹெச்.எம். மேடம் வர இன்னும் நேரமிருக்கிறது. பண்ருட்டி பஸ் வந்தால்தான் அவர் வருவார். பிள்ளைகளும் அதற்கப்புறம்தான் ஒவ்வொன்றாக வரும்.

அந்த நாற்காலிதான் இனி உங்களுடையது. ஷைலா டீச்சர் உட்கார்ந்த நாற்காலி. உட்கார்ந்தது என்று சொல்வதே தப்பு. அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் தரையில், பிள்ளைகளுக்கு நடுவில். பட்டுப்புடவை கட்டி வந்த அன்றைக்கும் தரையில்தான். பார்க்கிறவர்களுக்கு அது பெரிதாகத் தெரியும். நானும் தரையில் உட்காருகிறவள்தான். என்னை யாரும் போட்டோ எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அவரைப் பற்றிக் கேட்டீர்களே. நான் தப்பாக ஒன்றும் சொல்ல மாட்டேன். நல்ல டீச்சர். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நடந்ததை நடந்த மாதிரி சொல்கிறேன், நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இது ஒரே ஹால்தான், பார்க்கிறீர்கள் இல்லையா? நடுவில் இந்தப் பீரோ. அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடைய இரண்டாம் வகுப்பு. அங்கே பாட்டு பாடினால் இங்கே பிள்ளைகள் தாளம் போடும். இங்கே யாராவது தும்மினால் அங்கேயிருந்து ஒரு குரல் கேட்கும், "டீச்சர், யாரோ தும்முறாங்க!" என்று. போகப் போகப் பழகிவிடும்.

நான் இங்கே தற்காலிகம். பள்ளி மேலாண்மைக் குழு போட்ட ஆள். ஒவ்வொரு ஜூனிலும் என்னைத் திரும்ப எடுப்பார்களா என்று ஹெச்.எம். அறை வாசலில் போய் நிற்பேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கையெல்லாம் கறுத்திருக்கும். அப்பா லோடு ஏற்றுகிறார். பாடக்குறிப்பு என்றால் என்ன என்று வீட்டில் யாரிடமும் நான் கேட்க முடியாது. ஷைலா டீச்சருக்கு அப்படியில்லை. அவருடைய அம்மா ஹெச்.எம்.மாக இருந்து ஓய்வு பெற்றவர், சித்தி டீச்சர், மாமா கல்வி அலுவலகத்தில். சோறு ஊட்டும்போதே பாடம் நடத்தும் முறையையும் சேர்த்து ஊட்டியிருப்பார்கள். நம் ஹெச்.எம். குணவதி மேடம் காலையில் அவரைப் பார்த்ததும், "அம்மா சௌக்கியமா ஷைலா?" என்று கேட்பார். என்னைப் பார்த்து, "பஸ் கிடைச்சுதா கலைமதி?" என்பார். இதில் ஒன்றுமில்லைதான். சும்மா சொன்னேன்.

பூமிகா என் வகுப்பு. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் இரண்டாம் வகுப்பு, என் வகுப்பு. போன ஜூனில் அவளுடைய அம்மா புதிதாகச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்து, "இவளுக்குக் காது கேக்காது டீச்சர், மிஷின் போட்டா கொஞ்சம் கேக்கும். அடிக்காதீங்க" என்று சொல்லி என் கையில்தான் அவள் கையைக் கொடுத்தார். என் கையில்.

எனக்கு அன்று தூக்கமே வரவில்லை. பயிற்சியில் கொடுத்த புத்தகத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். எல்லாக் குழந்தைகளையும் உள்ளடக்கிய வகுப்பறை என்று போட்டிருந்தது. படம் காட்டு, பொருளைக் கையில் கொடு, செய்துகாட்டு, ஒரே பாடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற மாதிரி திட்டமிடு. நான் அப்படியே செய்தேன் டீச்சர். ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று திட்டம். சரளமாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று, எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகளுக்கு ஒன்று, பூமிகாவுக்கு என்று தனியாக ஒன்று. பாடம் முடிந்த பிறகு எது நடந்தது, எது நடக்கவில்லை, ஏன் என்று உட்கார்ந்து எழுதுவேன். ஷைலா டீச்சரின் பாடக்குறிப்பு பாதிப் பக்கம் இருக்கும். "கதை, பாட்டு, விளையாட்டு." அதற்கும் மேடம் கையெழுத்துப் போடுவார். என்னுடையதற்கும் அதே கையெழுத்துதான்.

'யாருக்கு எங்கே வீடு' என்று ஒரு பாடம். குருவிக்குக் கூடு, சிங்கத்துக்குக் குகை, எறும்புக்குப் புற்று. அதற்கு நான் முகமூடி செய்தேன். ஊரில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையையும் விட்டு வைக்கவில்லை. சிங்கத்துக்குப் பிடரி, யானைக்குத் தும்பிக்கை, குருவிக்கு நிஜ இறகு. ஒவ்வொரு மிருகமாக நானே மாட்டிக்கொண்டு, குரலை மாற்றி, "நான் சிங்கம், என் வீடு எங்கே?" என்று கேட்டேன். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் குதித்தார்கள். என்ன சத்தம்! மேடமே எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன், பூமிகாவைக் காணோம்.

பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஷைலா டீச்சரின் முழங்காலுக்கு நேர் எதிரே. அவர் வெறும் வாயால் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் படமில்லை, முகமூடியில்லை, ஒரு துண்டு அட்டைகூட இல்லை. "யார் வந்தா?" என்று கேட்கிறார். பூமிகா, "பூ...னை" என்கிறாள். என் வகுப்பில் அதுவரை அவள் வாய் திறந்ததே இல்லை டீச்சர்.

"நான் கூப்பிடல டீச்சர், அவளா வந்தா" என்று சிரித்தார் ஷைலா டீச்சர்.

கூப்பிட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வருத்தமாக இருந்திருக்காது.

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும். நான் படத்தை எடுத்தால் போதும், மெல்ல எழுந்து விடுவாள். ஒன்றாம் வகுப்பு வாண்டுகளுக்கு இது விளையாட்டாகவே போய்விட்டது. "டீச்சர், உங்க பூமிகா எங்ககிட்ட இருக்கா!" என்று ஒருத்தன் கத்துவான். "வந்து புடிச்சிட்டுப் போங்க டீச்சர்!" என்பான் இன்னொருத்தன். "அவளுக்கு எங்க டீச்சரத்தான் புடிக்கும்" என்று ஒரு பெண். அரை டிக்கெட்டு. பல்கூட முளைக்கவில்லை. என்ன பேச்சுப் பேசியது பாருங்கள்.

ஒருநாள் மத்தியானம் பிள்ளைகளை வைத்தே பீரோவைத் தள்ளி, சுவருக்கும் பீரோவுக்கும் இடையில் இருந்த வழியைக் குறுக்கினேன். சத்தம் குறையும் என்றுதான். மறுநாள் ஒன்றாம் வகுப்புக் குண்டுப் பயல் ஒருவன் அதில் மாட்டிக்கொண்டு அழ, மேடம் ஓடி வந்தார். "என்ன கலைமதி, இது ஸ்கூலா, ஜெயிலா?" என்றார். பூமிகா மட்டும் ஒல்லி. அந்தச் சந்திலும் வழுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் ஷைலா டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா அவ எங்கிட்டயே இருக்கட்டும் டீச்சர். எனக்கு ஒண்ணும் தொந்தரவில்ல."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத் தெரியும். ஆனால் கேளுங்கள், கஷ்டமாக இருக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்?

அப்புறம் நஸீமா டீச்சர் வந்தார். பூமிகா மாதிரிப் பிள்ளைகளுக்காக வட்டார வள மையத்திலிருந்து வருகிற சிறப்பாசிரியர். நீங்களும் பார்ப்பீர்கள், வாரம் ஒரு தடவை வருவார். அன்று என் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பாடம் முழுக்கக் கவனித்தார். நான் வழக்கத்தைவிட நன்றாகவே நடத்தினேன். முடிந்ததும் என்னைத் தனியாக அழைத்து, "கலைமதி, உங்க தயாரிப்பு ரொம்ப அருமை. நான் போற எந்த ஸ்கூல்லயும் இவ்வளவு பாத்ததில்ல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அவளுக்கு உங்க முகம் கிடைக்கல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அவ உதட்டப் பாத்துத்தான் பாதி புரிஞ்சுக்கிறா. நீங்க முகமூடி போட்டா உதடு தெரியல. முகமூடி இல்லாதப்ப படத்த வாய்க்கு நேரா தூக்கிப் புடிச்சுக்கிட்டுப் பேசுறீங்க. போர்டுல எழுதும்போது திரும்பி நின்னு பேசுறீங்க. அவ என்ன செய்வா? முகம் எங்க இருக்கோ அங்க போறா."

"ஷைலா டீச்சர் சொன்னாங்களா இத?" என்று கேட்டேன்.

"அவங்க எதுக்குச் சொல்லணும்?" என்று சிரித்தார் நஸீமா டீச்சர். "படத்த விட்றாதீங்க. பாப்பா, மாமா ரெண்டும் உதட்டுல ஒரே மாதிரிதான் இருக்கும். அதுக்குப் படம் வேணும். படத்த நெஞ்சுக்குக் கீழ புடிங்க. வெளிச்சம் உங்க முகத்துல விழற மாதிரி நில்லுங்க. ஜன்னல் உங்களுக்குப் பின்னால இருந்தா அவளுக்கு உங்க முகம் வெறும் இருட்டுதான்."

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். படம் கீழே. முகம் மேலே. வெளிச்சம் எதிரே. ஒவ்வொரு முகமூடிக்கும் வாய்ப்பகுதியைக் கத்தரியால் வெட்டினேன். சிங்கத்துக்குத் தாடை போய்விட்டது. மறுநாள் பிள்ளைகள், "டீச்சர், சிங்கத்துக்குப் பல் செட்டு கழண்டுடுச்சு!" என்று உருண்டு சிரித்தார்கள். சிரிக்கட்டும். பூமிகா அன்று பாதிப் பாடம் வரை என் எதிரிலேயே இருந்தாள். என் வாயையே பார்த்தாள். பிறகு எழுந்து போனாள். ஆனாலும் பாதி வரை இருந்தாள். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது.

நான் ஒன்றை யோசித்தேன். ஷைலா டீச்சர் இதையெல்லாம் படித்துச் செய்யவில்லை. அவருக்கே தெரியாது, தான் செய்வது சரி என்று. தெரியாமலே சரியாகச் செய்கிறவருக்கும், தெரிந்துகொண்டு, திருத்திக்கொண்டு, கத்தரியும் கையுமாக உட்கார்ந்து செய்கிறவருக்கும் ஒரே மதிப்புத்தானா? நீங்களே சொல்லுங்கள்.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. எல்லாக் குழந்தைகளும் பங்கேற்கிற மாதிரி பாடம் நடக்கிறதா என்று பார்ப்பார்களாம். பிடித்திருந்தால் அந்த ஆசிரியரை மற்ற பள்ளிகளுக்குப் பயிற்சி கொடுக்க அழைப்பார்களாம். நான் பயிற்சி கொடுக்கிறேன் என்று நினைத்துப் பாருங்கள். என் பெயர் ஒரு முறை மேலே போய்விட்டால் ஜூனில் என்னை எப்படி வேண்டாமென்பார்கள்? அதைவிட முக்கியம், இந்த ஹாலில் எல்லாரும் கேட்க ஒருவர் சொல்ல வேண்டும், பூமிகாவின் டீச்சர் கலைமதி என்று. எனக்கு அது போதும்.

மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "ரெண்டு கிளாஸையும் சேத்து ஒரே பாடமா எடுத்துடலாம். கலைமதி, நீ அந்த வீடு பாடத்துக்குத் திட்டம் எழுதிடு, அழகா எழுதுவ. ஷைலா நடத்தட்டும். நீ பக்கத்துல நின்னு அட்டை எல்லாம் எடுத்துக் குடு."

"மேடம், பூமிகா என் கிளாஸ்..."

"யாரு இல்லன்னா? அந்தப் பொண்ணு ஷைலாகிட்டதானே பேசுது."

ஷைலா டீச்சர், "கலைமதி டீச்சரே நடத்தட்டும் மேடம், அவங்க பாடம்" என்றார். மேடம், "வேணாம், அவ பதட்டப்படுவா" என்று சொல்லிவிட்டார். நான் பதட்டப்படுகிறவள் இல்லை டீச்சர். குழு வந்த அன்று காலை பஸ்ஸில் வாந்தி எடுத்தேன், அது வேறு.

திட்டத்தை நான்தான் எழுதினேன். யார் எங்கே உட்கார வேண்டும், டீச்சர் எங்கே நிற்க வேண்டும் என்று படமே வரைந்தேன். பீரோவை ஓரமாகத் தள்ளிவிட்டு, போர்டை இந்தக் கிழக்கு ஜன்னல் பக்கம் கொண்டு வந்தேன். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தேன். காற்று வரட்டும் என்றுதான். டிசம்பரில் எதற்குக் காற்று என்று கேட்காதீர்கள், இத்தனை பிள்ளைகள் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் புழுங்காதா? காலை வெயில் நேராக உள்ளே அடித்தது. ஷைலா டீச்சர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். அட்டையோடு நான் ஜன்னலைப் பார்த்தபடி ஓரத்தில் நின்றேன். வெயில் என் முகத்தில் விழுந்தது. அது தற்செயல். நஸீமா டீச்சரும் அன்று வரவில்லை, வேறு பள்ளியில் முகாம்.

ஷைலா டீச்சர் ஆரம்பித்தார். பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பூமிகா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாள். "குருவிக்கு வீடு எது, பூமிகா?" என்று கேட்டார் ஷைலா டீச்சர். பதில் இல்லை. மறுபடி கேட்டார். பதில் இல்லை. குழுவில் வந்த அம்மா ஒருவர் பேனாவைத் திறந்தார். மேடத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. ஷைலா டீச்சர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததேயில்லை.

பூமிகா தலையைத் திருப்பினாள். என்னைப் பார்த்தாள். என் முகம் நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. நான் கூட்டின் அட்டையை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, சத்தமில்லாமல், உதட்டை மட்டும் நன்றாக அசைத்து, "குருவி வீடு எங்கே?" என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்தது டீச்சர். சத்தியமாகப் புரிந்தது. கண்ணிலேயே தெரிந்தது. சொல்லு, சொல்லு, என்னிடம் சொல்லு.

எழுந்தாள். என்னிடம்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக ஷைலா டீச்சரிடம் போனாள். அவர் புடவையைப் பிடித்தாள். பிடித்து இழுத்தாள். ஜன்னலை விட்டு இழுத்து, ஹாலைத் தாண்டி, என் பக்கத்தில், நான் நிற்கிற வெயிலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்து, "கூ...டு" என்றாள். ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி.

பிள்ளைகள் கை தட்டினார்கள். வந்தவர்கள் கை தட்டினார்கள். பேனா வைத்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு குழந்தை தனக்கு என்ன வேணும்னு டீச்சர்கிட்ட உரிமையா கேக்குது பாருங்க. இதுதான் நாங்க தேடுற வகுப்பறை" என்று ஷைலா டீச்சரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுத்தார்கள். அதில் நான் இருக்கிறேன். பாதித் தோளும் குருவிக்கூடும்.

ஷைலா டீச்சர் சும்மா இருந்தாரா? "எல்லாத்தையும் திட்டம் போட்டது கலைமதி டீச்சர்தான்" என்று அவர்களிடம் சொன்னார். "யார் எங்க நிக்கணுங்கிறது வரைக்கும் அவங்கதான் யோசிச்சாங்க." வந்தவர்கள் என்னைப் பார்த்து, "நல்லது" என்றார்கள். அவர் மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னார். அப்படித்தான் என்று நினைக்கிறேன். பிறகு ஜன்னலை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார், எப்போதும் போலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இன்றுவரை என்னால் படிக்க முடியவில்லை.

பயிற்சி கொடுக்க அவரைத்தான் அழைத்தார்கள். போனார். அதற்குள் கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு மாறுதலும் வந்துவிட்டது. சில பேருக்கு எல்லாம் வரிசையாக வரும். கிளம்புகிற அன்று என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பூமிகாவப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார். நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். என்னிடம் ஒப்படைக்கிறாராம். என் வகுப்புப் பிள்ளையை.

அவர் போனதும் கொஞ்ச நாள் பூமிகா காலையில் வந்தவுடன் பீரோவுக்கு அந்தப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பாள். வெறும் நாற்காலி. திரும்பி வந்து என் எதிரே உட்காருவாள். நான் வெளிச்சம் பார்த்து நின்று, படத்தைக் கீழே பிடித்து, மெதுவாகப் பேசுவேன். போன வாரம், "டீ...ச்சர்" என்றாள். என்னைப் பார்த்துத்தான். அன்றைய குறிப்பில் வேறெதுவும் எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் எழுதினேன்.

வேறு போக்கிடம் இல்லாததால்தான் என்னிடம் இருக்கிறாள் என்று மேடம் நினைக்கிறார். வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் நினைக்கிறார். அப்படியே இருக்கட்டுமே. இருக்கிறாள் இல்லையா?

உங்களைப் பார்த்தால் நல்லவராகத் தெரிகிறீர்கள். உங்கள் வகுப்பில் நான் தலையிடவே மாட்டேன். அட்டை, படம், கத்தரி, எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். நிரந்தரமாக வந்திருக்கிறீர்கள், உங்களுக்கு வருடக்கணக்கில் நேரமிருக்கிறது. எனக்கு ஜூன் வரைதான் உறுதி. அதனால் கொஞ்ச நாளைக்கு, அவள் என்னிடம் நன்றாக ஒட்டிக்கொள்ளும் வரைக்கும், அந்தப் பிள்ளையைப் பார்த்து நீங்கள் சிரிக்காமல் இருக்க முடியுமா? முறைக்க வேண்டாம், அடிக்க வேண்டாம். சிரிக்காமல் இருந்தால் போதும்.

அதோ, அவள்தான். நீலப் பை. வாசலிலேயே நின்றுவிட்டாள். புது ஆள் யார் என்று பார்க்கிறாள். குனிந்துகொள்ளுங்கள் டீச்சர், கைப்பையில் எதையாவது தேடுகிற மாதிரி.

அட, என்ன டீச்சர் நீங்கள். சிரித்துவிட்டீர்களே.